சியாட்டில் – பான்ஃப் – ஜாஸ்பர் – கிளேசியர் கார் வட்டம்: எட்டு நாள் போதுமா, எங்கே நிற்பது?

2025 பிப்ரவரி 22 (கேள்வி)

ஜூலை நடுவில் சியாட்டிலிலிருந்து காரில் கிளம்பி கனடாவின் பான்ஃப், ஜாஸ்பர், அப்படியே தெற்கே இறங்கி வாட்டர்டன், எல்லை தாண்டி மொன்டானா கிளேசியர், திரும்ப சியாட்டில். மேப்பில் 2,900 கிலோமீட்டர் சொச்சம் காட்டுகிறது. எட்டு நாள் தாராளம் என்பது என் கணக்கு. நான் ஹெச்-1பி (அமெரிக்க வேலை விசா). பாஸ்போர்ட்டில் உள்ள விசா போன நவம்பரோடு காலாவதி, ஐ-797 (ஹெச்-1பி அனுமதிக் கடிதம்) மட்டும் 2027 வரை இருக்கிறது. மனைவி ஹெச்-4 (என்னைச் சார்ந்த குடும்ப விசா). மகளுக்கு 5 வயது, அமெரிக்கக் குடியுரிமை. மே மாதம் அம்மா பி-2 சுற்றுலா விசாவில் வருகிறார். வழியில் நின்று பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலாகப் போடுங்கள் அண்ணா.

பிப்ரவரி 22, இரவு (பதில்)

பட்டியல் பிறகு தம்பி. நான்கு பேரில் மூன்று பேருக்குக் கனடா விசா வேண்டும், அதை இன்றைக்கே ஆரம்பியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஹெச்-1பி, ஹெச்-4, பி-2 எதுவும் விலக்கு தராது. கிரீன் கார்டு இருந்தால்தான் விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். விண்ணப்பம் ஆன்லைனில், கைரேகைக்கு நேரில். அனுமதி வந்த பிறகு ஸ்டிக்கர் ஒட்ட பாஸ்போர்ட்டையே அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் பாஸ்போர்ட் கையில் இருக்காது. அம்மா மே மாதம் பயணம் என்றால் இந்தியாவிலிருந்தே இப்போது போட்டு, ஸ்டிக்கரோடு விமானம் ஏறட்டும். இங்கே வந்து போட்டால் ஜூலைக்குள் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

மகளுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் அது. இல்லாவிட்டாலும் 16 வயதுக்குக் கீழ் உள்ள அமெரிக்கக் குடிமக்கள் தரைவழியில் பிறப்புச் சான்றிதழோடு போய் வரலாம்.

பிப்ரவரி 23

காலாவதி விசா பற்றி. பயப்பட வேண்டாம், ஆனால் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். தானியங்கி மறுசெல்லுபடி என்று ஒரு விதி: அமெரிக்கக் கூட்டாட்சி விதித் தொகுப்பில் 22 சிஎஃப்ஆர் 41.112 (டி). கனடாவில் 30 நாளுக்குள் இருந்துவிட்டுத் திரும்பினால், விசா காலாவதியானாலும் நடப்பில் உள்ள ஐ-94ஐ (எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற நுழைவுப் பதிவு) காட்டி உள்ளே வரலாம். தேவை மூன்று: காலாவதியாகாத பாஸ்போர்ட், தேதி இருக்கும் ஐ-94, ஐ-797 அசல். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஐ-94 அச்சுப் பிரதி. உங்களுடையது ஐ-797இன் அடிப்பகுதியில் ஒட்டி வந்ததா, இணையத்தில் உள்ளதா என்று பார்த்து, எது கடைசியாகக் கொடுக்கப்பட்டதோ அதை எடுங்கள்.

இந்த விதியைக் கெடுப்பது ஒன்று உண்டு. "கனடா போகிறோமே, அங்கேயே தூதரகத்தில் விசா முத்திரையும் குத்திக்கொண்டு வந்துவிடலாம்" என்று விண்ணப்பித்தால், அந்த நிமிடமே இந்தச் சலுகை போச்சு. விசா கையில் வரும்வரை திரும்ப முடியாது. சுற்றுலாவையும் முத்திரையையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

இன்னொன்று: யாருக்காவது ஸ்டேட்டஸ் மாற்ற விண்ணப்பம், உதாரணமாக ஹெச்-4லிருந்து ஹெச்-1க்கு, நிலுவையில் இருந்தால் நாட்டை விட்டு வெளியேறியதும் அது கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அப்படி இருந்தால் இந்த வருடம் ஓரிகன் கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 23, கொஞ்ச நேரம் கழித்து

அம்மா விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை ஊரெல்லாம் சுற்றுகிறது. கனடா போய் வந்தால் அவருக்கு அமெரிக்காவில் தங்கப் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்பது. கிடைக்காது என்று வைத்தே திட்டமிடுங்கள். குறுகிய கனடா பயணம் முடிந்து திரும்பும்போது பழைய ஐ-94தான் தொடர்வது வழக்கம்.

மார்ச் 2

இப்போது எட்டு நாள் கணக்கு. மேப் காட்டும் மணிக்கணக்கு, யாரும் இறங்காமல் ஓட்டினால்தான். இறங்கிப் பார்க்கத்தானே போகிறீர்கள்? துண்டு துண்டாகப் பாருங்கள்:

சியாட்டில் – ஹோப் – கம்லூப்ஸ் சுமார் 480 கிமீ. கம்லூப்ஸ் – ரெவல்ஸ்டோக் 210. ரெவல்ஸ்டோக் – கோல்டன் 148. கோல்டன் – லேக் லூயிஸ் 85. லேக் லூயிஸ் – ஜாஸ்பர் 232, போக வர 465. லேக் லூயிஸ் – பான்ஃப் – கால்கரி – வாட்டர்டன் 450. வாட்டர்டன் – செயின்ட் மேரி 75. கோயிங் டு த சன் ரோடு (மொன்டானா கிளேசியரைக் குறுக்கே கடக்கும் மலைச்சாலை) 80. வெஸ்ட் கிளேசியர் – சியாட்டில் 550 மைல், அதாவது 885.

கடைசித் துண்டு மட்டுமே குழந்தையோடு ஒன்றரை நாள். முதல் இரண்டு நாளும் போய்ச் சேரவே சரியாக இருக்கும். எட்டில் மூன்றரை போனால் நாலரை நாளில் நான்கு தேசியப் பூங்கா. பதினொரு நாள் இருந்தால் ஜாஸ்பர். எட்டுதான் என்றால் ஜாஸ்பரில் தங்குவதை வெட்டுங்கள்: கொலம்பியா ஐஸ்ஃபீல்டு வரை (லேக் லூயிஸிலிருந்து 127 கிமீ) போய் அன்றே திரும்பலாம். ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயின் (லேக் லூயிஸ் – ஜாஸ்பர் சாலை) சிறந்த பகுதி பெரும்பாலும் அந்தத் தெற்குப் பாதியில்தான். இதற்கு ஜாஸ்பர்க்காரர்கள் என்னை அடிக்க வந்தாலும் பரவாயில்லை.

மார்ச் 2 (கேட்டவர்)

பதினொரு நாள் லீவு வாங்கிவிடுகிறேன். எந்த எல்லைச் சாவடி? பீஸ் ஆர்ச்தானே?

மார்ச் 3

பீஸ் ஆர்ச் வேன்கூவர் போகிறவர்களுக்கு. நீங்கள் ஹோப் போக வேண்டும். ஐ-5 நெடுஞ்சாலையில் பெல்லிங்ஹாமில் எக்ஸிட் 256 எடுத்து எஸ்ஆர் (மாநிலச் சாலை) 539, 546, 9 என்று பிடித்தால் சூமாஸ் சாவடி. அந்தப் பக்கம் அபட்ஸ்ஃபோர்டு. 24 மணி நேரமும் திறந்திருக்கும். தாண்டியதும் ஹைவே 1 கிழக்கு. நடுவில் உள்ள லிண்டன் – ஆல்டர்குரோவ் இரவில் மூடுவது.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: கனடா டே ஜூலை 1, அமெரிக்காவின் ஜூலை 4, ஆகஸ்டு முதல் திங்கள், லேபர் டே. அவற்றை ஒட்டிய வெள்ளி மாலையும் திங்கள் மாலையும் அதைவிட மோசம். நெக்சஸ் (முன்பே சோதித்து அட்டை பெற்றவர்களுக்கான) வரிசை காலியாக இருக்கிறதே என்று நுழைந்துவிடாதீர்கள். காரில் உள்ள ஒவ்வொருவரிடமும், குழந்தை உட்பட, அந்த அட்டை இருக்க வேண்டும்.

மார்ச் 3, இன்னும் கொஞ்சம்

காரில் இருக்கக் கூடாதவை: சாவிக்கொத்தில் தொங்கும் பெப்பர் ஸ்ப்ரே. கனடாவில் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். விலங்குக்கு என்று லேபிளில் அச்சிட்ட பியர் ஸ்ப்ரே பரவாயில்லை, கேட்டால் சொல்லுங்கள். கஞ்சா வாஷிங்டனிலும் சட்டபூர்வம், கனடாவிலும் சட்டபூர்வம், இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைத் தாண்டுவது மட்டும் குற்றம். விறகு வேண்டாம், பூச்சி பரவும். மருந்து அதன் அசல் புட்டியில்.

திரும்பி வரும்போது அம்மாவின் டப்பாவில் பச்சைக் கறிவேப்பிலை இருந்தால் போய்விடும். எலுமிச்சைக் குடும்பம், சிட்ரஸ் நோய் பரப்பும் பூச்சி அதில் வாழும் என்பதால் தடை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் குப்பைத் தொட்டியோடு முடியும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம்.

மார்ச் 9

கார் காப்பீடு. பெரும்பாலான அமெரிக்க பாலிசி கனடாவிலும் செல்லும் (மெக்சிகோவில் செல்லாது). ஆனால் ஏஜெண்டிடம் கனடாவுக்கான நான்-ரெசிடென்ட் லயபிலிட்டி அட்டை கேட்டு வாங்கி டாஷ்போர்டில் வையுங்கள். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட ஒப்பந்தத்தில் எழுத்தில் அனுமதி இருக்க வேண்டும். கவுன்டரில் வாயால் சொன்னது விபத்து நடந்த பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கண்ணாடிக்குக் காப்பு உண்டா என்றும் கேளுங்கள். மலைச்சாலையில் லாரி தெறிக்கும் கல்தான் அடிக்கடி வரும் சேதம்.

மார்ச் 16

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது தவறான ஊரில் அறை பிடிப்பார்கள். கிளேசியர் நேஷனல் பார்க் இரண்டு உண்டு. ஒன்று கனடாவில், ரெவல்ஸ்டோக்குக்கும் கோல்டனுக்கும் நடுவே, ரோஜர்ஸ் பாஸ் என்ற கணவாய் (1,330 மீட்டர்) இருக்குமிடம். இன்னொன்று மொன்டானாவில். நீங்கள் இரண்டையும் கடக்கிறீர்கள். நான் இனி வெறுமனே "கிளேசியர்" என்றால் மொன்டானா.

நுழைவு பாஸும் அப்படித்தான். பார்க்ஸ் கனடா டிஸ்கவரி பாஸ் அமெரிக்கப் பூங்காவில் செல்லாது, அமெரிக்க வருடாந்தர பாஸ் கனடாவில் செல்லாது. கனடாவில் ஆறு பூங்காவில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறீர்கள், நாள் சீட்டைவிட டிஸ்கவரி பாஸ் மேல். வாங்கிவிடுங்கள்.

ஏப்ரல் 6

மொரெய்ன் லேக். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் திட்டு விழுந்திருக்கும். 2023 முதல் அந்தச் சாலையில் சொந்தக் கார் போக முடியாது. லேக் லூயிஸ் ஸ்கீ ரிசார்ட் பார்க்கிங்கில் விட்டுவிட்டு பார்க்ஸ் கனடா ஷட்டில். முன்பதிவு ஏப்ரல் நடுவில் திறக்கும், கொஞ்ச நேரத்தில் காலியாகும். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். மீதி இருக்கைகளைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மவுண்டன் நேரப்படி காலை 8 மணிக்கு விடுகிறார்கள். அந்த நேரத்தில் சிக்னல் இல்லாத பார்க்வேயில் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே சீட்டில் இரண்டு ஏரிக்கும் இடையில் ஓடும் பஸ்ஸும் சேர்த்தி, அதனால் லேக் லூயிஸ் கரைப் பார்க்கிங்கில் விடியற்காலையில் சண்டை போடத் தேவையில்லை.

ஏப்ரல் 20

கேட்ட பட்டியல். எல்லா இடமும் இல்லை, நின்றால் வீண்போகாதவை மட்டும்.

ஹோப்பிலிருந்து கம்லூப்ஸுக்கு இரண்டு வழி. ஃப்ரேசர் பள்ளத்தாக்கு வழியாகப் பழைய ஹைவே 1 அழகு, மெதுவு. கோக்குவிஹாலா ஹைவே 5 வேகம், 1,244 மீட்டர் வரை ஏறும். முதல் நாள் கோக்குவிஹாலாவே போங்கள். அழகு மேலே காத்திருக்கிறது.

ரெவல்ஸ்டோக்குக்கு முன் கிரெய்கெல்லாச்சி. கனடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை 1885 நவம்பர் 7இல் அடித்த இடம். பத்து நிமிடம் போதும். ரெவல்ஸ்டோக் தாண்டி 30 கிமீயில் ஜயன்ட் சீடர்ஸ் மரப்பாலப் பாதை. அம்மா படிகளை மெதுவாக ஏறினால் நடக்கக்கூடியது.

யோஹோ பூங்கா: ஸ்பைரல் டனல்ஸ் பார்வையிடத்தை மகளுக்காகவாவது விடாதீர்கள். 1909இல் திறந்த சுருள் சுரங்கம். நீளமான சரக்கு ரயில் வந்தால் அதன் தலை தன் வாலுக்கு மேலே போவதைப் பார்க்கலாம். ரயிலுக்கு அட்டவணை கிடையாது, வந்தால் அதிர்ஷ்டம். டக்ககாவ் அருவிக்கு (373 மீட்டர்) போகும் 13 கிமீ சாலையில் ஊசி வளைவுகள், ட்ரெய்லர் அனுமதி இல்லை. எமரால்டு லேக் பார்க்கிங் சின்னது, காலை 9க்கு முன் அல்லது மாலை 6க்குப் பின்.

ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, தெற்கிலிருந்து: போ லேக், பீட்டோ லேக், மிஸ்டாயா கேன்யன், பார்க்கர் ரிட்ஜ், அதபாஸ்கா பனியாறு, டாங்கிள் அருவி, சன்வாப்டா அருவி, அதபாஸ்கா அருவி. வேக வரம்பு 90. கனரக லாரி அனுமதி இல்லை என்பதால் சாலை நிம்மதி.

ஏப்ரல் 20, இரவு

மேலே வரிசையாக எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்படியே நின்று போனால் தப்பு. பீட்டோவின் அந்த நீலப்பச்சை, பனியாறு அரைத்த பாறை மாவு வெயிலைச் சிதறடிப்பதால் வருவது. சூரியன் உச்சிக்கு வரும்போதுதான் நிறம் ஏறும். காலை 7 மணிக்குப் போனால் மலை நிழல் விழுந்து சாம்பல் தட்டு மாதிரி இருக்கும். ஆனால் 11 மணிக்கு பார்க்கிங் கிடைக்காது. போக வர இரண்டு முறை அதே சாலை என்பதால் வழி இருக்கிறது: போகும்போது போ லேக் (காலையில் காற்றில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும்), அதபாஸ்கா பனியாறு, அருவிகள். திரும்பும்போது மதியம் 3, 4 மணிக்கு பீட்டோ. அங்கே கீழ் பார்க்கிங் கார்களுக்கு. அங்கிருந்து நடைபாதை செங்குத்தாக ஏறும், மூச்சு வாங்கும்.

நிறம் முழுதாக வருவது ஜூலை, ஆகஸ்டில். ஜூன் தொடக்கத்தில் போ லேக், பீட்டோ லேக் இரண்டும் பனி மூடியே இருக்கலாம்.

பனியாற்றின் மேல் சொந்தமாகக் காலை வைக்காதீர்கள். பிளவுகளை மேலே பனி மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நடைபாதையில் பனி எந்த வருடம் எங்கே நின்றது என்று பலகைகள் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே நடப்பதுதான் அங்கே பெரிய காட்சி.

ஏப்ரல் 27

பெட்ரோல். பார்க்வேயில் ஒரே பங்க், சஸ்காச்சுவன் ரிவர் கிராசிங், லேக் லூயிஸிலிருந்து சுமார் 80 கிமீ. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நூறு கிமீக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் என்றால் போக வர 37 லிட்டர். 50 லிட்டர் டாங்கை நிரப்பிக்கொண்டு நுழைந்தால் அந்த பங்க்கே தேவையில்லை. விலைப்பலகையில் இருப்பது லிட்டருக்கு, கனடா டாலரில். 3.785ஆல் பெருக்கினால்தான் உங்கள் ஊர் கேலன் கணக்கு.

மொபைல் சிக்னல் பாதி வழிக்கு மேல் கிடையாது. மேப்பை ஆஃப்லைனில் இறக்குங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு டிரைவ்பிசி, ஆல்பர்ட்டாவுக்கு 511 ஆல்பர்ட்டா, காலையில் கிளம்பும் முன் இரண்டையும் பாருங்கள்.

மே 4 (கேட்டவர்)

விசா மூன்றும் வந்துவிட்டது! ஜாஸ்பரில் அறையே இல்லையே, எல்லாம் கேட்ட விலை. கிளேசியருக்கு வாகன முன்பதிவு வேண்டும் என்கிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

மே 4, இரவு

2024 ஜூலை காட்டுத்தீயில் ஜாஸ்பர் ஊரின் மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. அறை குறைவு, விலை ஏற்றம். கிழக்கே 80 கிமீயில் ஹின்டன் இருக்கிறது, அங்கே தேடுங்கள். ஓட்டம் கூடும், வழியில் எல்க் மான்கள் சாலையோரம் மேயும். அந்தியில் வேகத்தைக் குறையுங்கள்.

கிளேசியருக்கு முன்பதிவு வேண்டும், ஜூன் 13 முதல் செப்டம்பர் 28 வரை, காலை 7 முதல் மாலை 3 வரை. நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மே 5

நேற்று அவசரத்தில் பாதி சொன்னேன். அந்த முன்பதிவு இந்த வருடம் மேற்கு வாசலுக்கும் நார்த் ஃபோர்க்குக்கும்தான். நீங்கள் வாட்டர்டனிலிருந்து இறங்கி கிழக்கே செயின்ட் மேரி வழியாக நுழைகிறீர்கள், அங்கே வேண்டாம். நுழைவுக் கட்டணம் மட்டும்.

வட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொல்லலாமா என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது: சூமாஸ் பெரிய சாவடி, காலாவதி விசாவோடு திரும்ப அது வசதி என்று. இப்போது கைவிட்டேன். கிழக்கிலிருந்து வந்தால் முன்பதிவு இல்லை. தவிர கோயிங் டு த சன் ரோட்டின் உச்சியான லோகன் பாஸிலிருந்து மேற்கே இறங்கும்போது நீங்கள் பாறைச் சுவர்ப் பக்கம் ஓட்டுவீர்கள். மேற்கிலிருந்து ஏறுகிறவருக்குத்தான் வலப்பக்கம் பாதாளம். உயரம் கண்டு பயப்படுகிறவர் காரில் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. சுவர்ப் பக்கத்தில் பக்கக் கண்ணாடி ஜாக்கிரதை, பாறை சில இடங்களில் தலைநீட்டும். 21 அடிக்கு மேல் நீளமோ கண்ணாடி சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு நடுப்பகுதியில் அனுமதி இல்லை.

லோகன் பாஸ் (6,646 அடி) பார்க்கிங் அதிகாலையிலேயே நிரம்பும். வாட்டர்டனில் தூங்கி எழுந்து எல்லை தாண்டி வருகிறவருக்கு அது கிடைக்காது. அங்கே நிற்பதை மாலை 5 மணிக்கு மேல் வையுங்கள், ஜூலையில் ஒன்பதரை வரை வெளிச்சம்.

மே 11

வாட்டர்டனிலிருந்து கிளேசியருக்குப் போகும் வழியில் உள்ள சீஃப் மவுன்டன் சாவடி. கோடை மட்டும், மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிவு வரை, இரவில் மூடிவிடும். 2025 ஜனவரியில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு சாவடிகளின் நேரத்தைக் கனடா மாற்றியது, அதனால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள நேரத்தை நம்பாதீர்கள், கிளம்பும் வாரம் பாருங்கள். தவறவிட்டால் கிழக்கே கார்வே – பீகன். இரவு முழுக்கத் திறந்தது வேண்டும் என்றால் கூட்ஸ் – ஸ்வீட்கிராஸ், அது பெரிய சுற்று.

சின்னச் சாவடி என்பதற்காக மறுசெல்லுபடி விதி மாறாது. அதிகாரி கேட்டால் ஐ-94, ஐ-797ஐ நீட்டுங்கள், தேவையென்றால் விதி எண்ணும் அச்சில் இருக்கட்டும்.

ஜூன் 19

மார்ச் 16இல் டிஸ்கவரி பாஸ் வாங்கச் சொன்னேனே, வாங்கியிருந்தால் மன்னிக்கவும். ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை கனடா தேசியப் பூங்காக்களுக்கு நுழைவு இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். ஷட்டில் கட்டணமும் கரைப் பார்க்கிங் கட்டணமும் அப்படியே. இலவசம் என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, மேலே எழுதிய நேரங்களை எல்லாம் அரை மணி முன்னுக்குத் தள்ளுங்கள்.

ஜூன் 22

போ லேக்கிலிருந்து போ கிளேசியர் அருவிக்குப் போகும் நடைபாதை மூடப்பட்டுள்ளது. ஜூன் 19இல் அங்கே பெரிய பாறைச்சரிவு, உயிரிழப்பும் நேர்ந்தது. ஏரிக்கரையோடு நின்றுகொள்ளுங்கள், அறிவிப்புப் பலகையைத் தாண்டாதீர்கள்.

ஜூலை 6 (கேட்டவர்)

சனிக்கிழமை கிளம்புகிறோம் அண்ணா. கடைசியாக ஏதாவது?

ஜூலை 6

காட்டுத்தீப் புகை. ஆரம்பித்தால் மலையே தெரியாது. ஃபயர்ஸ்மோக் தளத்தில் இரண்டு நாள் முன்கணிப்பு உண்டு. ரத்து செய்யக்கூடிய அறைகளாகவே வைத்திருந்தால் ஜாஸ்பரையும் வாட்டர்டனையும் இடம் மாற்றிப் போடலாம்.

பியர் ஸ்ப்ரேவை நிறுத்திய காருக்குள் வெயிலில் விடாதீர்கள், 50 டிகிரி தாண்டினால் வெடிக்கும். நடக்கும்போது இடுப்பில், பையின் அடியில் அல்ல.

வீடு வந்த பிறகு எல்லோருடைய ஐ-94ஐயும் இணையத்தில் திறந்து பாருங்கள். புதிதாக ஒன்று போட்டிருந்தால், பாஸ்போர்ட் காலாவதி நாளோடு அதன் தேதியை வெட்டியிருப்பார்கள். ஐ-797இல் 2027 இருந்தாலும் ஐ-94இல் உள்ள தேதிதான் கணக்கு. உங்கள் மனைவியின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று இந்த இழையில் எங்கேயும் நீங்கள் சொல்லவில்லை.

ஜூலை 6, இரவு (கேட்டவர்)

அடுத்த பிப்ரவரி.

ஜூலை 6, இரவு

அப்படியென்றால் திரும்பியதும் புதுப்பிக்கப் போடுங்கள். பாஸ்போர்ட் மாறியதும் ஐ-94 தானாக நீளாது, அதற்கு நீட்டிப்பு விண்ணப்பமோ அடுத்த வெளிநாட்டுப் பயணமோ வேண்டும். நாட்காட்டியில் ஜனவரி 15 என்று ஒரு குறிப்பு போட்டுவிட்டு வண்டியை எடுங்கள் தம்பி.